காருக்குள்ள மழைத் தண்ணி வருதா? கண்ணாடியை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மழைத் தண்ணீர் ஒழுகுகிறது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். 16,600 ரூபாய் வாங்கிக்கொண்டு, அதே ஒழுகலோடு திருப்பிக் கொடுத்தார்கள். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. எப்படி ஏமாந்தேன் என்பது தெரிந்தால் போதும், எந்தக் கடையிலும் உஷாராக இருக்கலாம்.

வண்டி 2010 மாடல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினார்களே, அந்த வரிசையில் என் வண்டியும் நின்றது. 2015 வெள்ளத்தைப் பார்த்தவனுக்கு அந்தப் பயம் லேசில் போகாது. இரண்டு நாள் கழித்துப் போய்க் கதவைத் திறந்தால், முன்பக்கம் இடது சீட்டுக் காலடியில் மேட் மிதக்காத குறை. கீழே வரும் வெள்ளத்துக்குப் பயந்து மேலே ஏற்றியவனுக்கு மேலேயிருந்து வந்துவிட்டது.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பெரிய போர்டு, ஏ.சி. போட்ட ஆபீஸ், வந்தவுடன் காபி. சூப்பர்வைசர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "சார், கண்ணாடி பேஸ்டிங் போயிடுச்சு. பழைய வண்டில்ல. நீங்களே பாருங்க" என்று வாட்டர் வாஷ் கன்னை எடுத்தார். முன் கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒரு சாண் தூரத்தில் வைத்து சர்ரென்று அடித்தார். உள்ளே உட்கார்ந்திருந்த பையன், "வருதுண்ணே!" என்று குரல் கொடுத்தான். எட்டிப் பார்த்தேன். மேல் மூலையில் நாலைந்து சொட்டு நின்றது.

நான் கவிழ்ந்தது அந்த இடத்தில்தான். டயர் இடுக்கில் காய்ந்த சேற்றையே பெயர்த்தெடுக்கிற வேகம் அந்த கன்னுக்கு. அவ்வளவு கிட்டத்தில் வைத்து அடித்தால் நேற்று ஷோரூமிலிருந்து வந்த வண்டியிலும் எங்கேயாவது ஒரு சொட்டு உள்ளே போகலாம். எந்த மழையும் அந்த வேகத்தில் பெய்யாது. மேலே நாலு சொட்டு, கீழே அரை வாளித் தண்ணீர், கணக்கு இடிக்கிறதே என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. கண்ணால் பார்த்துவிட்டேன் அல்லவா, தலையாட்டிவிட்டேன்.

மத்தியானம் போன் வந்தது. "சார், கண்ணாடிய எடுக்கும்போது விரிசல் விட்டுருச்சு. புதுசுதான் போடணும்." சரி என்றேன். வேறென்ன சொல்ல, வண்டி அங்கே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அடுத்த போன்: "அடியிலேர்ந்தும் தண்ணி ஏறும் சார், அண்டர் கோட்டிங் அடிச்சிட்டா டென்ஷன் இல்ல." அடித் தகரத்தில் துரு பிடிக்காமல் இருக்க அடிக்கிற கறுப்புப் பூச்சு அது. கண்ணாடி 7,800, கோட்டிங் 4,500, உள்ளே ஷாம்பு போட்டு கிளீனிங் 2,500, ஓர ரப்பர் பீடிங், சிலிகான் பசை என்று 1,800. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஃபாஸ்டாக் பழைய கண்ணாடியோடு போய்விட்டது ஞாபகம் வந்தது. அதற்கு வேறு தனியாக அலைந்தேன்.

நவம்பரில் மழை பிடித்ததும் அதே காலடியில் தண்ணீர். போதாக்குறைக்கு, அதுவரை காய்ந்திருந்த இடது பின்சீட்டுக் காலடியும் நனைந்தது. கதவைச் சாத்தினால் உள்ளே களக் களக் என்று சத்தம். ராத்திரியில் சென்ட்ரல் லாக் தானாகத் திறந்து திறந்து மூடியது. பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, உங்க காருக்குள்ள யாரோ இருக்காங்களா?" என்று கேட்டேவிட்டார். வாடையைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

திரும்பப் போனேன். இந்தத் தடவை காபி இல்லை. "அது ஏ.சி. தண்ணி சார்" என்றார் சூப்பர்வைசர். ஏ.சி. தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்தால் இடது காலடியில் சொட்டும் என்பது உண்மைதான். ஆனால் அது ஏ.சி. போட்டு ஓட்டும்போதுதான் சொட்டும். நான் ஏ.சி. போட்டே பத்து நாள் ஆகியிருந்தது. அதைச் சொன்னதும், "அப்ப ஹீட்டர் காயில் லீக்கு. டேஷ்போர்டு இறக்கணும், ஆறாயிரம் ஆகும்" என்று பாட்டை மாற்றினார். ஹீட்டர் காயில் ஒழுகினால் வருவது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். பச்சையாகவோ ரோஸாகவோ இருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும், ஒரு மாதிரித் தித்திப்பு வாடை அடிக்கும், கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி மங்கும், ரேடியேட்டர் பாட்டிலில் அளவு குறையும். என் வண்டியில் இதில் ஒன்றுகூட இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஃபெஞ்சல் புயல் கடந்த வாரம் மச்சான் வந்து வண்டியில் ஏறியவர், மூக்கைப் பொத்திக்கொண்டே இறங்கிவிட்டார். மடிப்பாக்கம் பக்கம் டிங்கர் வேலை செய்யும் ஒரு பாயிடம் அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். தகரக் கூரை, ஒரே ஒரு பையன், போர்டு கிடையாது. பாய் கண்ணாடி பக்கமே போகவில்லை. முதல் கேள்வி, "கார்பெட்ட தூக்கிப் பாத்தாங்களா?"

"இல்ல பாய்."

"அப்ப என்னத்தப் பாத்தாங்க?"

கதவடிப் பட்டையைக் கழற்றி, கார்பெட்டை மூலையிலிருந்து உரித்தார். கார்பெட்டுக்குக் கீழே இரண்டு விரல் கனத்துக்கு ஒரு பஞ்சுத் திண்டு இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதன் ஓரத்தைப் பிடித்துப் பிழிந்தார். துணி துவைத்துப் பிழிந்த மாதிரி பழுப்புத் தண்ணீர் கொட்டியது. மேலே 2,500 ரூபாய்க்கு ஷாம்பு போட்டுத் தேய்த்திருந்தார்கள், அடியில் அக்டோபர் மழை அப்படியே இருந்தது. வயரிங் ஜாயின்ட் ஒன்று அந்தத் தண்ணீரில் ஊறிப் பச்சைப் பிடித்துக் கிடந்தது. சென்ட்ரல் லாக் பேய் அதுதான்.

அடுத்து பானெட்டைத் தூக்கினார். வைப்பர் கை இரண்டையும் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஜல்லடையை எடுத்தார். அடியில் தகரத்தில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கண்ணாடியில் விழும் மழை முழுக்க அதில் இறங்கி, இரண்டு ஓரமும் உள்ள ஓட்டை வழியாக முன் டயருக்குப் பின்னால் தரைக்குப் போக வேண்டும். என் வண்டியில் வாய்க்காலே தெரியவில்லை. வேப்பிலை, வேப்பம்பூ, குச்சி எல்லாம் மக்கி, காபிப் பொடி நிறத்தில் எருவாகியிருந்தது. எங்கள் அப்பார்ட்மென்டில் மரத்தடி நிழலுக்கு நான் சண்டை போட்டு வாங்கிய பார்க்கிங் அது.

"பாருங்க தம்பி" என்று ஒரு மக் தண்ணீரை ஊற்றினார். தொட்டி மாதிரி தேங்கி நின்றது. இன்னொரு மக். மெதுவாக மட்டம் ஏறி, இடது பக்கம் இருந்த சதுர வாய்க்குள் சத்தமில்லாமல் நழுவியது. ஏ.சி. ப்ளோயர் வெளிக்காற்றை இழுக்கும் வாய் அது. அதற்கு நேர் கீழே இடது சீட்டுக் காலடி. இரண்டு மாதமாக நான் துரத்திக்கொண்டிருந்த தண்ணீர் இரண்டு மக்கில் என் கண் முன்னால் உள்ளே போனது.

எருவைக் கையால் அள்ளிப்போட்டு, ஒரு பழைய பெட்ரோல் டியூபை ஓட்டையில் விட்டு ஆட்டினார். டயருக்குப் பின்னால் கொடகொடவென்று கறுப்பாக இறங்கியது. கம்பி விட்டுக் குத்தக் கூடாதாம், தகரத்தில் பெயின்ட் போய்த் துரு ஏறிவிடும்.

இடது பின்சீட்டுக் கதவு தனிக் கதை. ஜன்னல் கண்ணாடிக்கும் வெளி ரப்பருக்கும் நடுவே மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்புதான், எல்லா வண்டியிலும் இறங்கும். கதவின் அடியில் உள்ள சின்ன ஓட்டைகள் அதை வெளியே விடும். டோர் பேடுக்கு (கதவின் உட்பக்க அட்டைக்கு) பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் அதை உள்ளே வராமல் தடுக்கும். பாய் டோர் பேடைக் கழற்றியபோது அந்த ஷீட் பாதி கிழிந்து தொங்கியது. முந்தைய ஓனர் ஸ்பீக்கர் வைக்கும்போது எவரோ பிளேடால் அறுத்துவிட்டு அப்படியே மூடியிருக்கிறார். அது கிழிந்தும் இத்தனை நாள் ஏன் நனையவில்லை? கீழ் ஓட்டைகள் திறந்திருந்தன, அதனால். அண்டர் கோட்டிங் அடித்த புண்ணியவான் கதவின் அடி விளிம்பிலும் சேர்த்து அடித்து மூன்று ஓட்டையையும் தார் பூசின மாதிரி மூடிவிட்டார். ஸ்க்ரூடிரைவரால் பாய் ஒன்றைக் குத்தினார். கெட்டிலைச் சாய்த்த மாதிரி ஒரே சீராகத் தண்ணீர் ஊற்றியது. 4,500 ரூபாய் கொடுத்து ஒரு ஒழுகலைப் புதிதாக வாங்கியிருக்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகுதான் டெஸ்ட் வைத்தார். என்னை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து, உட்பக்கத் தகரத்தைத் துடைத்துக் காயவைத்து முகப் பவுடரைத் தூவினார். சொட்டு வந்தால் பவுடரில் கோடு விழும், கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் வாய் எங்கே என்று தெரிந்துவிடும். வெளியே பையன் செடிக்கு ஊற்றுகிற ஹோஸை விரலால் அழுத்தாமல், தண்ணீர் வழிகிற மாதிரி பிடித்தான். முதலில் கீழே, அப்புறம் கதவு, கடைசியில் கூரை, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். மேலேயிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கன் பிடித்த அந்தச் சூப்பர்வைசருக்கும் இது தெரியாமல் இருக்காது.

பாய் வாங்கியது கூலி 1,400. கதவு ஷீட், ஒட்டுவதற்கு பியூட்டைல் டேப் என்கிற பிசின் டேப், டோர் பேடில் உடைந்த கிளிப்புகள் எல்லாம் சேர்த்து 350. ஷீட்டை சிலிகானால் ஒட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், அடுத்த முறை ஜன்னல் மோட்டாருக்காகக் கழற்றும்போது கிழித்துத்தான் எடுக்க வேண்டும். தரைத் தகரத்தில் கையகலத்துக்குத் துரு பிடித்திருந்தது, தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தார். கார்பெட்டும் பஞ்சும் மொட்டை மாடியில் நான்கு நாள் காய்ந்தன. ஒரே வெயிலில் காயும் என்று நினைக்காதீர்கள், மேலே சுக்காக இருக்கும்போதே நடுவில் ஈரம் பதுங்கியிருக்கும்.

போனில் எடுத்த வீடியோவோடு பழைய கடைக்குப் போனேன். ஓனர், "மழைக்கெல்லாம் கேரண்டி கிடையாது சார்" என்றார். பழைய கண்ணாடியைக் காட்டுங்கள் என்றால், குப்பைக்குப் போய்விட்டதாம். உண்மையில் விரிசல் விட்டதா என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். என் கையில் இருந்தது "வாட்டர் லீக் ஒர்க்" என்று எழுதி மொத்தத் தொகை போட்ட துண்டுச் சீட்டு. ஜி.எஸ்.டி. நம்பரும் இல்லை, எதற்கு எவ்வளவு என்றும் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணுவேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றேன். ஐந்து லட்சம் வரைக்குமான வழக்குக்கு அங்கே கட்டணம்கூட இல்லை. துண்டுச் சீட்டைப் பார்த்துக்கொண்டு அவர் சிரித்தார். கதவு ஓட்டை வீடியோவை இரண்டாம் முறை போட்டுக் காட்டிய பிறகு கோட்டிங் காசு 4,500 மட்டும் திரும்பி வந்தது. முதல் நாளே வேலை வாரியாகப் பில்லும், கழற்றிய சாமானும் வேண்டும் என்று சொல்லியிருந்தால் கண்ணாடிக் காசையும் கேட்டிருப்பேன்.

டிசம்பர் நடுவில் மறுபடி நல்ல மழை. காலையில் டார்ச்சோடு இறங்கிப் போனேன். மேட்டுக்கு அடியில் விரித்திருந்த பேப்பர் இரண்டு பக்கமும் மொறமொறவென்று இருந்தது. டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே விரித்ததில் மட்டும் ஒரு மூலை ஈரம். அங்கே டெயில் லாம்ப் ரப்பராக இருக்கலாம், டிக்கி பீடிங்காக இருக்கலாம், பின் வைப்பருக்குத் தண்ணீர் போகிற டியூபாகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பவுடர் டப்பாவோடு நானே உட்காரப் போகிறேன்.