சிறிய கால்பந்து கிளப் பிழைக்க மூன்று வழிகள்: நான் ஏன் பிரென்ட்ஃபோர்ட் பக்கம் நிற்கிறேன்

பெரிய கிளப்புகளின் ஆட்டங்களையே பார்த்துப் பழகிய நான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய கிளப்பைத் தேர்ந்து முழு மனதோடு பின்தொடர முடிவு செய்தேன். கோப்பைகளை வைத்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை, அவை போகும் இடமே வேறு. அதனால் பணத்தைப் பார்த்தேன். கையில் காசு குறைவாக உள்ள கிளப், காசு கொழிக்கும் கிளப்போடு ஒரே மைதானத்தில் எப்படி நிற்கிறது? அலசிப் பார்த்துவிட்டு லண்டனில் உள்ள பிரென்ட்ஃபோர்டைத் தேர்ந்தேன். கிளப் தேடும் நண்பர்களுக்கும் அதையே சொல்கிறேன். மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் காரணம் விளங்கும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததை முடித்துவிடுகிறேன். டிக்கெட் வருமானத்தில் சிறிய கிளப் ஜெயிக்க முடியாது. பிரென்ட்ஃபோர்டின் புதிய மைதானத்தில் சுமார் 17,000 பேர்தான் உட்கார முடியும், மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானத்தில் 74,000க்கும் மேல். விளம்பர வருமானத்திலும் இதே கதைதான். தொலைக்காட்சிப் பணம் மட்டும் இங்கிலாந்தில் ஓரளவு நியாயமாகப் பிரிகிறது. அங்கே முதல் அடுக்கான பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கே ஒரு பருவத்துக்குச் சுமார் 10 கோடி பவுண்டு வந்துவிடும். ஆனால் அந்த லீக்குக்குள் நுழைந்தால்தான் அந்தப் பணம். கீழே இருப்பவர்கள் என்ன செய்வது?

முன்கள ஆட்டக்காரர் ஆலி வாட்கின்ஸ் கடந்து வந்த பாதையைப் பார்த்தால் இரண்டு வழிகள் தெரியும். எக்ஸிட்டர் சிட்டியின் அகாடமியில் வளர்ந்தவர். 2017இல் அவரைச் சுமார் 18 லட்சம் பவுண்டுக்கு பிரென்ட்ஃபோர்ட் வாங்கியது. மூன்றே ஆண்டுகளில் 2.8 கோடி பவுண்டுக்கு ஆஸ்டன் வில்லாவிடம் விற்றது, அதற்கு மேல் கூடுதல் தொகைகளும் பேசியிருந்தார்கள். வளர்த்தவர் ஒருவர், வாங்கி விற்றவர் இன்னொருவர்.

எக்ஸிட்டரைப் பற்றி எனக்கு மரியாதை அதிகம். 2003இல் மேல் நான்கு அடுக்குகள் கொண்ட லீக் அமைப்பிலிருந்தே கீழே இறங்கி, கடனில் மூழ்கிக் கிடந்த கிளப்பை ரசிகர்களின் அறக்கட்டளையே கையில் எடுத்தது. 2005 ஜனவரியில், லீக்குக்கு வெளியே இருந்த அந்த அணி, பெரிய அணிகளும் சிறிய அணிகளும் சேர்ந்து ஆடும் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்கள் மைதானத்திலேயே 0–0 என்று மடக்கியது. அந்த ஆட்டத்தின் வசூல் பங்கும், மறு ஆட்டத்தின் வருமானமும் சேர்ந்து கிளப்பைக் கடனிலிருந்து தூக்கிவிட்டன. ஈத்தன் அம்படு, மேட் கிரைம்ஸ் என்று அடுத்தடுத்து உள்ளூர்ப் பையன்களை வளர்த்து விற்றார்கள். வாட்கின்ஸ் ஒப்பந்தத்திலும் கெட்டிக்காரத்தனமாக ஒரு ஷரத்து வைத்திருந்தார்கள்: அவரை அடுத்து விற்கும்போது கிடைக்கும் லாபத்தில் எக்ஸிட்டருக்கும் பங்கு. வில்லா பணம் கொடுத்தபோது அதில் லட்சக்கணக்கான பவுண்டுகள் எக்ஸிட்டருக்குப் போயின.

சரி, அப்படியிருந்தும் எக்ஸிட்டரை நான் ஏன் தேர்ந்தெடுக்கவில்லை? 2008இல் லீக்குக்குத் திரும்பியதிலிருந்து அந்தக் கிளப் மூன்றாம், நான்காம் அடுக்குகளைத் தாண்டவில்லை. ரசிகர்களின் பணத்தில் ஓடும் கிளப் நஷ்டத்தைத் தாங்க முடியாது. அதனால் நல்ல விலை வந்த உடனே விற்க வேண்டியிருக்கிறது. இன்னும் ஒரு வருடம் பொறுத்திருந்தால் விலை இரண்டு மடங்காகும் என்று தெரிந்தாலும் காத்திருக்க முடியாது. பிழைத்திருப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் எக்ஸிட்டர் வழியைவிட நல்ல வழி இல்லை. மேலே ஏற வேண்டும் என்றால் அது போதாது.

இன்னொரு வழி, ஒரு பணக்காரர் வந்து அள்ளிக் கொட்டுவது. இதை அதிகம் பேச வேண்டியதில்லை, ஸ்காட்லாந்தின் கிரெட்னா ஒன்றே போதும். சுமார் 3,000 பேர் வாழும் ஊர். புரூக்ஸ் மைல்சன் என்பவரின் பணத்தில் 2006இல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டி வரை போய் பெனால்டியில் தோற்றார்கள், 2007இல் முதல் அடுக்குக்கும் ஏறினார்கள். அவர்களுடைய மைதானம் அந்த லீக்குக்குப் போதாமல் வேறு ஊரில் போய் ஆட வேண்டியிருந்தது. மைல்சன் உடல்நலம் குன்றி, பணம் நின்றதும் 2008இல் கிளப்பே கலைந்துபோனது. ஸ்பெயினின் மாலகாவும் அதே மாதிரிதான். 2010இல் கத்தாரிலிருந்து முதலாளி வந்தார், 2013இல் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி ஆடினார்கள், 2023இல் மூன்றாம் அடுக்குக்கு இறங்கிவிட்டார்கள். பத்தே ஆண்டுகள்.

இப்போது பிரென்ட்ஃபோர்ட். ‘அங்கேயும் பணக்கார முதலாளிதானே?’ என்று கேட்பீர்கள். உண்மைதான். பந்தயப் புள்ளிவிவரத் தொழிலில் சம்பாதித்த மேத்யூ பென்ஹம், 2012இல் ரசிகர் அறக்கட்டளையிடமிருந்து கிளப்பை வாங்கினார், கோடிக்கணக்கில் சொந்தப் பணமும் போட்டார். அந்தப் பணம் இல்லாமல் இந்த முறை தொடங்கியே இருக்காது. ஆனால் அவர் பணம் பெரிய நட்சத்திரங்களை வாங்கப் போகவில்லை, அவசரப்பட்டு விற்கத் தேவையில்லாத நிலையை உண்டாக்கப் போனது. எக்ஸிட்டருக்கும் பிரென்ட்ஃபோர்டுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிறிய கிளப் தன் ஆட்டக்காரரை விற்கும் விலையைத் தீர்மானிப்பது அவருடைய திறமை மட்டுமல்ல. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மீதி இருக்கிறது, அவர் போனால் இடத்தை நிரப்ப ஆள் தயாரா, இந்த இரண்டும் சேர்ந்துதான் விலை. 1995இல் வந்த பாஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் இலவசமாகவே போகலாம். ஒரு வருடம்தான் மீதி என்றால் வாங்குபவர் பொறுமையாக உட்கார்ந்து விலையைக் கீழே இழுப்பார். பிரென்ட்ஃபோர்ட் இங்கே முன்யோசனையோடு நடந்துகொள்கிறது. முன்கள ஆட்டக்காரர் பிரையன் எம்பூமோவின் ஒப்பந்தம் 2026 வரை இருந்தது, அதற்கு மேல் ஒரு வருடம் நீட்டிக்கும் உரிமையும் கிளப்பின் கையில் இருந்தது. 2019இல் சுமார் 58 லட்சம் பவுண்டுக்கு வாங்கியவரை 2025இல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 6.5 கோடிக்கு விற்க முடிந்ததில் அந்த ஒரு வருடத்துக்கும் பங்கு உண்டு.

இடத்தை நிரப்பும் ஆளை விற்ற பிறகு தேடுவதில்லை. முன்கள ஆட்டக்காரர் நீல் மோபே 2019இல் போனதும் அணியிலேயே இருந்த வாட்கின்ஸை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். வாட்கின்ஸ் போனபோது இவான் டோனியைச் சுமார் 50 லட்சத்துக்கு எடுத்தார்கள். அவர் அந்தப் பருவத்திலேயே 31 லீக் கோல் அடித்தார், கிளப் 1947க்குப் பிறகு முதல் முறையாக முதல் அடுக்குக்கு ஏறியது. டோனி 2024 கோடையில் சவுதிக்குப் போனார். ஆனால் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே இகோர் தியாகோவின் ஒப்பந்தத்தை அறிவித்துவிட்டார்கள். தியாகோ காயத்தால் அந்தப் பருவத்தில் ஆடவே இல்லை என்று சொல்லலாம், ஆனால் எம்பூமோவும் இன்னொரு முன்கள ஆட்டக்காரரான யோன் விசாவும் சேர்ந்து 39 லீக் கோல் அடித்தார்கள். கோல்கீப்பர் டேவிட் ராயா கிளம்பும் முன்பே மார்க் ஃபிளெக்கன் வந்தாயிற்று. ஆள் கையில் இருக்கும்போது, கேட்கும் விலை வராவிட்டால் விற்க மாட்டோம் என்று கிளப் சொன்னால் அந்தப் பேச்சை எதிர்த்தரப்பு நம்பும்.

கணக்கு விதிகளும் இதற்குத் துணை நிற்கின்றன. ஒருவரை வாங்கிய தொகையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவு எழுதுவார்கள், விற்ற லாபமோ அதே ஆண்டில் முழுதாக வரவாகும். அகாடமியில் வளர்ந்தவரை விற்றால் கிட்டத்தட்ட முழுத் தொகையும் லாபம். நஷ்ட வரம்பை மீறினால் புள்ளிகளை வெட்டும் விதி பிரீமியர் லீக்கில் இருக்கிறது. 2023–24இல் எவர்டனும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும் அதில் மாட்டின. அதனால் விற்பனையை ஒழுங்காகச் செய்யும் கிளப்புக்கு அடுத்த ஆளை வாங்க அந்த வரம்புக்குள் இடம் கிடைக்கிறது.

அகாடமி லாபம் என்றால் பிரென்ட்ஃபோர்ட் ஏன் 2016இல் தன் அகாடமியை மூடியது? 2012இல் வந்த விதிகளால், இளம் ஆட்டக்காரர்களைப் பெரிய கிளப்புகள் குறைந்த இழப்பீட்டுக்கே கூட்டிப்போக முடிந்தது. லண்டனில் சுற்றிலும் பெரிய கிளப்புகள். வளர்த்து முடிக்கும் முன்பே பையன்கள் போய்விட்டார்கள். அதற்குப் பதிலாக, மற்ற அகாடமிகள் கழித்துவிட்ட 17, 18 வயது இளைஞர்களைச் சேர்த்து பி அணி அமைத்தார்கள். அந்த பி அணியில் ஆடிய கிறிஸ் மெஃபம் 2019இல் 1.2 கோடிக்குப் போனார். பிரீமியர் லீக்குக்கு வந்தபின் அகாடமியை மீண்டும் திறந்தார்கள். எக்ஸிட்டருக்கு அகாடமி சரி, காரணம் சுற்றிலும் போட்டி குறைவு. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்பும் இதே குடும்பம்தான். ஈக்வடாரில் சுமார் 45 லட்சத்துக்கு எடுத்த கைசேடோவை 2023இல் 10 கோடிக்கு மேல் செல்சீக்கு விற்றார்கள். முதலாளி டோனி புளூம் கொடுத்த கடன் மிகப் பெரியது என்பதால், குறைந்த பணத்தில் போட்டிபோடும் கிளப்புக்கு அதை முதல் உதாரணமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பல கிளப்புகளை ஒரே குழுமம் வைத்திருக்கும் முறையை நான் சமீபமாகத்தான் கவனிக்கிறேன், ஆகவே என் கருத்தைப் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டர் சிட்டியின் குழுமத்தில் சேர்ந்த ஜிரோனா 2023–24இல் ஸ்பெயினின் முதல் அடுக்கான லா லிகாவில் மூன்றாவதாக வந்தது, அது பெரிய சாதனை. ஆனால் தன் சிறந்த ஆட்டக்காரரை எப்போது, யாருக்கு விற்பது என்ற முடிவு வேறு ஊரில் எடுக்கப்படும் கிளப், மேலே சொன்ன பலத்தையே விட்டுக்கொடுக்கிறது என்று நினைக்கிறேன்.

பிரென்ட்ஃபோர்ட் வழியில் ஆபத்து இல்லாமல் இல்லை. 2025 கோடையில் பயிற்சியாளர் தாமஸ் ஃபிராங்க், எம்பூமோ, விசா, கேப்டன் நோர்கோர், கோல்கீப்பர் ஃபிளெக்கன் என்று எல்லோரும் ஒரே மூச்சில் போனார்கள். பயிற்சியாளர் இடத்துக்கும் உள்ளிருந்தே ஆள் வந்தார், செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவை) பயிற்சியாளராக இருந்த கீத் ஆண்ட்ரூஸ். இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேர்வு தவறினால் கீழே இறங்க வேண்டியதுதான், சம்பளப் பட்டியலில் லீக்கின் அடிவரிசையில் நிற்கும் கிளப்புக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. பென்ஹம் ஒருநாள் விலகினாலும் கிரெட்னா கதை அப்படியே நடக்காது என்று நம்ப எனக்கு ஒரு காரணம் இருக்கிறது: கிளப்பை விற்றபோது ரசிகர் அறக்கட்டளை ஒரு சிறப்புப் பங்கை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது, மைதானத்தை விற்க நினைக்கும் எந்த முதலாளியையும் அதை வைத்துத் தடுக்கலாம்.