‘ஐ7’ என்ற சொல்லை நம்பி ஒன்றரை இலட்சம் கொடுக்காதீர்கள்

பிள்ளைகளுக்குக் கேமிங் கொம்பியூட்டர் எடுக்க இருக்கும் வன்னி உறவுகளின் கவனத்துக்கு.

கிளிநொச்சியில் ஒரு பெடியனுக்கு, வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய காசில், ஒன்றரை இலட்சத்துக்கு ஒரு பெட்டி விற்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் கண்ணாடி, கலர் கலராய் எரியும் நாலு ஃபான், “ஐ7, 16 ஜிபி ராம், விண்டோஸ் 11” என்று ஸ்டிக்கர். ஐ7 என்பது கொம்பியூட்டரின் மூளையான புரொசெசருக்கு இன்டெல் நிறுவனம் வைத்த ஒரு வகைப்பெயர். வீட்டில் வலோரன்ட் என்ற ஒன்லைன் கேமைப் போட்டால் ‘வான் 9001’ என்று பிழை இலக்கம் காட்டி வெளியே தள்ளுகிறது. கடையில் கேட்டதற்கு முதலில் “இன்ரநெற் பிரச்சினை” என்றார்கள். பிறகு “நல்ல கிராபிக்ஸ் காட் ஒன்று போடுங்கோ தம்பி” என்று இன்னும் காசு கேட்டார்கள். இரண்டுமே பொய்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குப் போனால் வலப்பக்க மேல் மூலையில் புரொசெசரின் முழுப்பெயர் நிற்கும். இந்தப் பெட்டியில் நின்றது ஐ7-2600. 2011இல் வந்த சாமான். மெமரியைத் தொட்டால் வேகம் 1333. அங்கே 1333 அல்லது 1600 என்று கண்டால் அது டிடிஆர்3 என்ற பழைய வகை ராம். அதற்கு அடுத்த வகையாய்க் கடைகளில் கிடைக்கும் டிடிஆர்4 2133இலிருந்துதான் தொடங்கும். கேசிங் மட்டும்தான் புதுசு.

விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைப் புரொசெசராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். புதுசு போலத் தெரியட்டும் என்று அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றியிருக்கிறார்கள். விண்டோஸ் 11இல் வலோரன்ட் ஓட டிபிஎம் 2.0உம், கொம்பியூட்டர் தொடங்கும்போதே கள்ள மென்பொருளைத் தடுக்கும் செக்கியூர் பூட்டும் கட்டாயம். புரொசெசரும் ராமும் பொருத்தியிருக்கும் அந்தப் பழைய மதர்போட்டில் டிபிஎம் 2.0 இல்லை. ஏமாற்றுவதற்காகப் போட்ட விண்டோஸே கேமை மறித்துவிட்டது.

ஐ3, ஐ5, ஐ7 என்பதைப் பார்க்காதீர்கள். கோட்டுக்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். அதில் நாலு எண்கள் என்றால் முதல் எண்தான் தலைமுறையைக் காட்டும்: 2600 இரண்டாம் தலைமுறை. ஐந்து எண்கள் என்றால் முதல் இரண்டு எண்கள்: 12400 பன்னிரண்டாம் தலைமுறை. 2600க்கும் ஐ3-12100க்கும் ஒரே கணக்குத்தான், 4 கோர் (வேலை செய்யும் பகுதி), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலை வரிசை). ஆனால் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலையில் அந்த ஐ3 இந்த ஐ7ஐ வெகுதூரம் பின்னுக்கு விட்டுவிடும். இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாததால் சில புதிய கேம்கள் திறக்கவே மாட்டா.

அளவான காசுக்கு ஐ5-12400 அல்லது ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600 போதும். இரண்டும் 6 கோர், 12 த்ரெட். ரைசனில் ஒரு பொறி இருக்கிறது: 5500ஐக் காட்டி “5600 மாதிரித்தான்” என்பார்கள். புரொசெசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 5600இல் 32 எம்பி, 5500இல் 16 எம்பிதான். கேமில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

12400எஃப் என்று கடைசியில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. காட் பழுதாகி வொறன்ரிக்குக் கொழும்புக்குப் போனால் அது திரும்பி வரும்வரை திரை கறுப்புத்தான், படிப்பு வேலையும் நடக்காது. விலை வித்தியாசம் சிறிதென்றால் எங்கள் பக்கத்துக்கு எஃப் இல்லாததே நல்லது.

பஸ் பார்சலில் எடுப்பவர்கள் முதல்முறை போடுமுன் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். புரொசெசரின் சூட்டைத் தணிக்கும் இன்டெல் கூலரை மதர்போட்டில் பிடித்திருப்பது நாலு பிளாஸ்டிக் ஊசிகள். கிரவல் ரோட்டுக் குலுக்கலில் ஒன்று கழன்றாலும் கூலர் ஒருபக்கம் தூக்கிவிடும். 12400இல் சூடு 100 பாகையைத் தொட்டதும் புரொசெசர் தானாக வேகத்தைக் குறைக்கும், கேம் விக்கி விக்கி ஓடும்.

“காட் மாற்றுங்கோ” என்று யாராவது சொன்னால், காசு கொடுக்குமுன் கேமின் ரெசொலூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் (செக்கனுக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) ஏறாமல் அப்படியே நின்றால் கிராபிக்ஸ் காட்டில் குறையில்லை, இழுத்துப் பிடிப்பது புரொசெசர்.

பில்லில் “ஐ7 கேமிங் பிசி” என்று எழுத விடாதீர்கள். புரொசெசரின் முழு இலக்கம், மதர்போட் மொடல், ராம் வகை, புதுசா பழசா என்பது எல்லாம் எழுதப்பட வேண்டும். அந்தப் பெடியனின் பில்லில் ‘ஐ7’ மட்டும்தான் இருந்தது, கடைக்காரர் அதையே காட்டி “சொன்னதைத்தானே தந்தோம்” என்கிறார். முறைப்பாடு செய்ய நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977.

ஏற்கனவே இப்படி வாங்கிவிட்டவர்கள் முழுவதையும் எறிய வேண்டாம். கேசிங், எஸ்எஸ்டி, மொனிற்றர், கிராபிக்ஸ் காட் புதியதோடும் வேலை செய்யும். புரொசெசர், மதர்போட், ராம் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கேசிங்கோடு இலவசமாக வந்த, பெயரில்லாத பவர் சப்ளை என்றால் அதையும் அன்றே கழற்றிவிடுங்கள்.