குடியை விட்டதை அளக்க: நாட்களை எண்ணுவதா, நோட்டில் எழுதுவதா, ரத்தப் பரிசோதனையா?

குடியை விட்டவனைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பது, "எத்தனை நாளாச்சு?" நானும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் மாதத்துக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்று ஏ.ஏ. (குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்') கூட்டங்களில் சொல்வதன் பலம் அதுதான். ஆனால் தினமும் ஏராளமாகக் குடித்தவர்கள் அந்த முதல் நாளைத் தாங்களாகவே தொடங்கக் கூடாது. சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், பிறகு புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். டாக்டரிடம் போய்த்தான் நிறுத்த வேண்டும். 14446 என்ற அரசு உதவி எண்ணும் இருக்கிறது.

நாள் கணக்கின் கோளாறு எனக்கு 87-ஆம் நாள் தெரிந்தது. ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒரு கட்டிங். மறுநாள் செல்போன் ஆப் பூஜ்யம் காட்டியது. "அதான் போச்சே" என்று அடுத்ததை ஊற்ற வைத்தது அந்தப் பூஜ்யம்தான். ஈரலுக்குக் கிடைத்த 86 நாள் ஓய்வு எங்கே போனது? அதிலிருந்து கொஞ்ச காலம் தொடர் நாளோடு, அந்த வருஷம் குடிக்காத மொத்த நாளையும் குறித்துவந்தேன்.

நாற்பது பக்க நோட்டு சொன்னது வேறு. அதில் நான் எழுதியது: குடிக்க ஆசை வந்த நேரம், பக்கத்தில் யார், சாப்பிட்டிருந்தேனா. மூன்று வாரத்தில் முகம் தெரிந்துவிட்டது: சனிக்கிழமை, மாலை ஏழு மணி, வெறும் வயிறு. ஆறரைக்கே இட்லி சாப்பிட ஆரம்பித்தேன். பழைய அளவையும் கணக்குப் போட்டேன். 42.8 சதவீதச் சரக்கில் 180 மில்லி குவாட்டர் என்றால் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். 'ஒரு குவாட்டர்தானே' என்பது அப்புறம் வாயில் வரவில்லை. ஒரே குறை, நோட்டு பொய்யையும் வாங்கிக்கொள்ளும்.

ரத்தப் பரிசோதனையில் அந்த வசதி குறைவு. குடியை நிறுத்தினால், குடியால் ரத்தத்தில் ஏறும் ஜிஜிடி என்ற ஈரல் நொதி பொதுவாகச் சில வாரங்களில் இறங்கும். சிவப்பணுக்களின் பருமனைக் காட்டும் எம்சிவி சீராக மூன்று, நான்கு மாதம் ஆகும். அந்த அணுக்களின் ஆயுளே சுமார் 120 நாள். ஆனால் கொழுப்பு ஈரலாலும் சில வலிப்பு மாத்திரைகளாலும்கூட ஜிஜிடி ஏறும், தாளை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நம்பிக்கை இழந்த மனைவியிடம் காட்ட அது நல்ல சாட்சி. எனக்கோ ஆபத்தான சாட்சி: "லிவர் நார்மல்" என்று லேப் சொன்ன அன்றுதான் டாஸ்மாக் பக்கம் கால் இழுத்தது.

இப்போது தினமும் நோட்டு, டாக்டர் சொல்லும்போது ரத்தம். காலண்டர் தாளை மனைவி கிழிக்கிறாள், நான் எண்ணுவதில்லை.