மலையிலிருந்து இறங்கும் எழுத்தாளருக்கு எந்தப் புத்தகக் காட்சி?

கோத்தகிரியிலோ கூடலூரிலோ உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குப் பதிப்பாளர் என்றால் புத்தகத்தின் உள்பக்கத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரிதான். நானும் என் சிறுகதைகளை அப்படித்தான் ஏழு பேருக்கு அனுப்பினேன். ஆறு பேரிடமிருந்து பதிலே இல்லை. ஏழாமவர் பணம் கட்டினால் போட்டுத் தருகிறோம் என்றார், கட்டினேன். 300 பிரதிகளும் அட்டைப்பெட்டிகளில் என் வீட்டுக்கே வந்து இறங்கின. ஒரு கடைக்கும் போகவில்லை. ஆடி மழையில் எங்கள் வீட்டுச் சுவர் ஊறும். அடுத்த வருடம் பெட்டியைத் திறந்தபோது பாதிப் பிரதிகளில் பூஞ்சை பூத்திருந்தது.

அதற்குப் பிறகுதான் புத்தகக் காட்சிகளுக்குப் போக ஆரம்பித்தேன். கைப்பிரதி முடிவதற்கு முன்பே போயிருக்க வேண்டும் என்று இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் எல்லாக் காட்சியும் ஒன்றல்ல. நமக்குக் கிடைப்பது வருடத்தில் ஒன்றோ இரண்டோ பயணம். எங்கே போவது என்பதுதான் கேள்வி.

பெரியது சென்னை. 1977-இல் தொடங்கியது, தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசி நடத்துவது, பொங்கலை ஒட்டி வருவது. மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்ட்ரல். 2025-இல் நந்தனத்தில் 900 அரங்குகள் போட்டார்கள். தமிழில் யார் எதைப் பதிப்பிக்கிறார்கள் என்பதை இரண்டே நாளில் கண்ணால் பார்த்துவிட இதைவிட நல்ல இடம் கிடையாது. யார் சிறுகதை போடுவதே இல்லை, யார் பழைய நூல்களின் மறுபதிப்பிலேயே நிற்கிறார்கள், யார் புதியவர்களுக்கு இடம் தருகிறார்கள் என்பதெல்லாம் அலமாரியைப் பார்த்தாலே தெரியும். நான் ஏழு பேருக்கு அனுப்பினேனே, அதில் நான்கு பேர் கதையே போடாதவர்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அங்கே யாருக்கும் பேச நேரமில்லை. வருடத்தின் புதிய புத்தகங்களில் பெரும்பகுதியை இந்தக் காட்சிக்கென்றே கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு அது அறுவடைக் காலம். பில் போடும் மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும்போது கைப்பிரதியை நீட்டினால், வாங்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கோவை அப்படியில்லை. ஜூலையில் கொடிசியா வளாகத்தில் பத்து நாள் நடக்கும் காட்சி. வார நாளில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு போங்கள். பள்ளிக் குழந்தைகள் போயிருப்பார்கள், மாலைக் கூட்டம் வந்திருக்காது. அந்த இரண்டு மணி நேரத்தில் பதிப்பாளரே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அப்படி ஒருவரிடம் என் பழைய புத்தகத்தைக் காட்டினேன். முதலில் அவர் படிக்கவே இல்லை. புத்தகத்தின் முதுகைப் பார்த்தார், கட்டைவிரலால் பக்கங்களை ஓடவிட்டார், கடைசி ஏடுகளைப் புரட்டினார்.

“பதினோரு ஃபாரம் போட்டிருக்காங்க. கதை பத்து ஃபாரத்துலயே முடிஞ்சிருச்சு பாருங்கம்மா. மிச்சம் பதினாறு பக்கமும் வெறும் தாள். அதுக்கும் நீங்கதான் காசு கொடுத்திருக்கீங்க.”

ஒரு ஃபாரம் என்றால் பதினாறு பக்கம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறகு அவர் கேட்காமலே நிறையச் சொன்னார். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வந்தால் என்ன கணக்கு, வராவிட்டால் என்ன கணக்கு, தேவைக்கேற்பக் கொஞ்சமாக அச்சிடும் பிஓடியில் முதலில் ஐம்பது பிரதி போட்டுப் பார்ப்பது ஏன் நல்லது, புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை என்பது வரை. என்னிடம் அதற்கும் தனியாகப் பணம் வாங்கியிருந்தார்கள். “முழுசா அனுப்பாதீங்க. நல்லதா ரெண்டு கதை மட்டும் அனுப்புங்க, படிச்சுட்டுச் சொல்றேன்” என்றார்.

அந்த அரங்கிலேயே ஓரமாக ஒரு மணி நேரம் நின்றேன். ஒரு பெரியம்மா ஒரு நாவலை எடுத்தார், பின்னட்டையைப் படித்தார், விலையைப் பார்த்தார், நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து நின்றபடியே வாசித்தார், பிறகு வாங்கினார். பின்னட்டை வாசகத்தை நான் பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தவள். என் புத்தகத்தை அவர் எடுத்திருந்தால் அங்கேயே வைத்திருப்பார்.

2023 ஜனவரியில் தமிழக அரசு தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி வேறு வகை. அங்கே நடப்பது பெரும்பாலும் உரிமைப் பரிமாற்றம், அதாவது ஒரு புத்தகத்தை வேறு மொழியில் வெளியிடும் உரிமையை வாங்குவதும் விற்பதும். 1949 முதல் நடக்கும் ஃபிராங்க்ஃபர்ட் காட்சி உலக அளவில் செய்யும் வேலையை இங்கே நம் மொழிக்காகச் செய்கிறார்கள், மொழிபெயர்ப்புக்கு மானியமும் உண்டு. மேசைக்கு இரு பக்கமும் பதிப்பாளர்களும் முகவர்களும். முதல் கைப்பிரதியோடு போகிறவருக்கு அங்கே வேலை இல்லை. புத்தகம் வந்து, மொழிபெயர்ப்பு உரிமை உங்கள் கையில் இருந்தால் போகலாம். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே அந்த உரிமை யாருக்கு என்று சொல்லும் வரியைத் தேடிப் படியுங்கள்.

உள்ளூரில், 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகத்தில் ஊட்டி இலக்கிய விழா நடக்கிறது. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். கேட்க நன்றாக இருக்கும், பதிப்பாளர் தேட உதவாது. மாவட்டந்தோறும் நடக்கும் அரசுப் புத்தகத் திருவிழா ஊட்டிக்கும் வருகிறது. பஸ் செலவு மிச்சம், ஆனால் மலையேறி வரும் அரங்குகளில் பலவும் பதிப்பாளர்களுடையவை அல்ல, விற்பனையாளர்களுடையவை.

ஆகவே என் வரிசை: முதலில் கோவை, கையில் காசும் விடுப்பும் இருந்தால் அதற்கடுத்த ஜனவரியில் சென்னை. மின்னஞ்சல் அதற்குப் பிறகுதான். கொடிசியாவில் பேசிய கோத்தகிரிக்காரி என்று தலைப்பிட்டு அனுப்பிய இரண்டு கதைகளுக்கு ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ஒன்றை ஏற்கவில்லை, ஏன் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். இன்னொன்று வரப்போகும் தொகுப்பில் முதல் கதை.

கதைகளை அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள், ஜூலையில் நம் பக்கம் மழை நிற்காது. காலை முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய், அவிநாசி சாலை பஸ்ஸைப் பிடித்தால் மதியத்துக்குள் கொடிசியா. நாலு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். மண் சரியும் மாதத்தில் மலைப்பாதையை இருட்டில் ஏற வேண்டாம்.