சொந்த முடியா, சவுரியா? வரவேற்புக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு வேறொன்று

திருமணத்துக்கு நாள் குறித்துவிட்ட வீடுகளில், பட்டுப்புடவை எடுத்து முடித்த கையோடு எழும் கேள்வி, பெண்ணுக்குச் சொந்த முடியிலேயே சடை பின்னுவதா, சவுரி வைத்துப் பின்னுவதா என்பதாகும். இதை ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் பெரும்பாலும் முதல் நாள் மாலையில் வரவேற்பும் மறுநாள் விடியற்காலையில் முகூர்த்தமும் நடக்கின்றன. வரவேற்பில் சடை வெளியே தெரிய வேண்டும். முகூர்த்தத்தில் அது பூவுக்கும் நகைக்கும் அடியில் மறைந்துவிடும். இந்த ஒரு வேறுபாட்டைக் கணக்கில் கொண்டாலே பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

முதலில் சொந்த முடி. இதன் பலம் பிடிப்பு: வேரிலிருந்தே வருவதால் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாலும் நழுவாது, நிறம் பொருந்துமா என்ற கவலை இல்லை, செலவும் இல்லை. அடர்த்தியான முடி தோள்பட்டை எலும்புக்குக் கீழே இறங்கியிருந்தால், நெற்றிச்சுட்டி, ராக்கொடி, சடைபில்லை எல்லாவற்றையும் அதுவே தாங்கும். குறை, காலம். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளர்கிறது. ஆறு மாதம் கழித்துக் கல்யாணம் என்றால், எந்த எண்ணெயைத் தேய்த்தாலும் கூடுதலாகக் கிடைக்கப்போவது நான்கு விரற்கடை அளவுதான்; அதிலும் பின்னும்போது நீளத்தில் ஒரு பங்கு பின்னலுக்குள்ளேயே போய்விடும். ஆகவே, இடுப்புவரை சடை வேண்டும் என்று விரும்பும் பெண்ணுக்கு இன்று தோளளவு முடி இருந்தால், வளர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதில் பொருளில்லை. இருக்கும் முடியின் நுனியை அளவாக வெட்டி, பிளவுபடாமல் பார்த்துக்கொள்வதே அந்த ஆறு மாதத்தில் செய்யத்தக்க வேலை.

கடற்கரை ஊர்களுக்கே உரிய இன்னொரு குறையும் உண்டு. மனித முடி காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும் இயல்புடையது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புதுச்சேரியில் மாலை ஆறு மணிக்கு வழவழவென்று இழுத்துப் பின்னிய சடை, எட்டு மணிக்குள் ஓரமெல்லாம் பிசிறு எழுந்து நிற்கும். நைலான் போன்ற செயற்கை இழைகளுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

சவுரியிலும் இரண்டு வகை உண்டு. மனித முடியால் செய்தது ஒன்று, செயற்கை இழையால் செய்தது மற்றொன்று. கடையில் விலை பல மடங்கு வேறுபடும். ஒரே ஓர் இழையை வாங்கிப் பாதுகாப்பாக ஒரு தட்டின் மேல் கொளுத்திப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்: மனித முடி கோழி இறகு பொசுங்கும் நாற்றத்துடன் கருகி, விரலால் தொட்டால் பொடியாகும்; செயற்கை இழை உருகிச் சிறு மணியாகத் திரண்டு கெட்டியாகிவிடும். மனித முடியிலும் தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. திருமலையில் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுத்து, தேவஸ்தானம் ஏலம் விடும் முடி போன்றவை ஒரே மொத்தையாக வெட்டப்படுவதால், வேர்ப் பக்கமும் நுனிப் பக்கமும் மாறாமல் பிரித்து வைக்க முடியும். சீப்பில் வந்த சிக்கு முடியைத் தெருவில் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டு போய், பிரித்துச் சேர்த்துச் செய்யும் சவுரியில் இழைகள் இரு திசையிலும் கலந்திருக்கும். அதன் மேல் பூசிய பளபளப்பு சில முறை அலசியதும் போய்விட, பிறகு சிக்கு விழுந்துகொண்டே இருக்கும். நல்ல சவுரியை நுனியிலிருந்து மேல்நோக்கி விரல்களால் உருவினால் சொரசொரப்பாகவும், மேலிருந்து கீழே உருவினால் வழுவழுப்பாகவும் இருக்கும். இரு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கினால் சந்தேகப்படலாம்.

இனி முகூர்த்தச் சடைக்கு வருவோம். பின்கழுத்துக்கு மேலே முடியைச் சேர்த்துக் கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டி, சவுரியின் தலைப்பில் உள்ள கயிற்றை அந்தக் கட்டின் மேல் சுற்றி முடிச்சிட்டு, சவுரியின் மூன்று கால்களையும் சொந்த முடியின் மூன்று கால்களோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பின்னிக்கொண்டே போய், முடிவில் குஞ்சலம் வைப்பார்கள். அதன் மேல் வாழைமட்டையிலோ அட்டையிலோ தைத்த பூச்சடையை வைத்து நூலால் கட்டிவிட்டால், உள்ளே இருப்பது யார் முடி என்பது எவருக்கும் தெரியப்போவதில்லை. இந்த இடத்தில் விலை உயர்ந்த மனித முடிச் சவுரியை வாங்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்கவில்லை. பூ தைத்த ஊசி குத்தி, தெளித்த நீரில் நனைந்து, மறுநாள் அவிழ்க்கும்போது நூலோடு நூலாகச் சிக்கிக்கொள்ளும் வேலைக்கு நல்ல நைலான் சவுரியே போதும். அதில் கனமும் குறைந்ததாகப் பார்த்து வாங்குவது, மணமேடையில் பல மணி நேரம் தலை குனிந்து உட்காரும் பெண்ணின் கழுத்துக்குச் செய்யும் உபகாரம். திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் முகூர்த்த நாட்களில் அடுத்தடுத்துத் திருமணங்கள் நடக்கும்; நேரம் தவறக் கூடாது என்பதற்காக நள்ளிரவு கழிந்தவுடனே அலங்காரம் தொடங்கிவிடும். அந்த அவசரத்தில் சவுரி வைத்துப் பின்னுவது விரைவாக முடியும் என்பதும் கவனிக்கத்தக்கது. செயற்கை இழை சூட்டுக்கு இளகும் என்பதால், விளக்கருகே திரும்பும்போது மட்டும் யாராவது சடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரவேற்புக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிறது. இப்போது விரும்பப்படும் தளர்வான பின்னலில், அங்கங்கே இழைகளை வெளியே இழுத்துவிட்டு, நுனியைச் சூடான கருவியால் சுருட்டிவிடுவார்கள். சாதாரண நைலான் சவுரி இங்கே உதவாது. சூடு பட்டால் இழை ஒட்டிப் போகும், விளக்கொளியில் அதன் போலிப் பளபளப்பும் புகைப்படத்தில் காட்டிக்கொடுத்துவிடும். சொந்த முடியையே சுருட்டி ஸ்பிரே அடிக்கலாம் என்றால், இரவு பதினொரு மணிக்கு விறைத்து நிற்கும் அந்த முடியை விடியலுக்குள் சிக்கெடுத்து, படிய வாரி, இறுக்கிப் பின்ன வேண்டியிருக்கும். சீப்போடு வரும் முடியைப் பார்த்தால் அம்மாக்களுக்கு நெஞ்சு பதறும். கிளிப் வைத்த மனித முடி இணைப்பை வரவேற்புக்கு வாங்குவதே சரி என்று நான் கருதுவது இதனால்தான்: சூடும் ஸ்பிரேயும் பெரும்பாலும் அதன் மேலேயே போகும், இரவில் கழற்றி வைத்துவிட்டால் சொந்த முடி மறுநாளுக்குத் தயாராக இருக்கும். செலவழிப்பதானால் இங்கே செலவழிக்கலாம்.

அழகு நிலையங்களில் பசை, டேப், தையல் கொண்டு வாரக்கணக்கில் நிலைத்திருக்குமாறு பொருத்தும் இணைப்புகளைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல எண்ணம் இல்லை. ஓயாமல் இழுபடும் வேர் நாளடைவில் வலுவிழந்து, முதலில் நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலேயும் முடி மெலிந்துபோகும். தொடக்கத்திலேயே நிறுத்தினால் திரும்ப வளரும், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேரே தழும்பாகிவிடும். தலை முழுவதையும் சிறு சிறு பின்னல்களாகப் பிரித்து இணைப்பு முடி சேர்க்கும் ஆப்பிரிக்க முறைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அம்மக்களின் நெருங்கிச் சுருண்ட முடி இணைப்பு இழையைத் தானாகப் பற்றிக்கொள்கிறது. நம்மவர்களில் பலருடைய நேரான, வழுக்கும் முடியில் அது நிற்க வேண்டுமானால் கூடுதலாக இறுக்க வேண்டியிருக்கிறது, வேருக்குச் சுமையும் அதற்கேற்பக் கூடுகிறது. பின்னி முடித்த இரவு தலைவலி வந்தாலோ, ஓரங்களில் சிறு கொப்புளம் தோன்றினாலோ, அவிழ்த்துவிடுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

நாட்டியம் பயிலும் பிள்ளைகளின் நிலை தனி. சிதம்பரம் நாட்டியாஞ்சலி போன்ற மேடைகளுக்கு நீண்ட சடை வேண்டும் என்பதால், முடி குறைந்த சிறுமிக்குச் சவுரி தவிர்க்க முடியாதது. ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் சவுரியின் எடை வேரை வீசி இழுக்கும். சடை நுனியை ஒட்டியாணத்துக்குள் செருகிவிடுவதும், ஒத்திகை நாட்களில் சவுரி இல்லாமல் ஆடவிடுவதும் அந்தச் சுமையைக் குறைக்கும். நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டு, முடி ஒரு கைப்பிடிக்குக்கூட வராத குழந்தைக்குச் சவுரி நிற்கவே நிற்காது. கட்டுவதற்கு அடிமுடி வேண்டுமே.

வளைகாப்புக்குப் பெரும்பாலும் சொந்த முடியே போதும், ஏனெனில் கருவுற்ற மாதங்களில் முடி உதிர்வது குறைந்து பலருக்குச் சடை தடித்திருக்கும். குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆன பின் கொத்தாக உதிரத் தொடங்குவது அதன் மறுபக்கம். அந்தக் காலத்தில் வரும் தம்பி கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ கனமான சவுரியைத் தொங்கவிடாமல், சொந்த முடியைக் கொண்டையாக முடிந்து பூச்சரம் சுற்றுவது நல்லது.

எதை வாங்கினாலும் நிறத்தைக் கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் முடிவு செய்யக் கூடாது. வெயில் பட்ட நம் முடியின் நுனி பழுப்பேறியிருக்க, சவுரி மைக்கறுப்பாக இருந்தால், இரண்டும் சேரும் இடம் மதிய வெளிச்சத்தில் கோடு போட்டதுபோல் தெரியும். சவுரியின் நிறத்தைச் சொந்த முடியின் நுனியோடு ஒப்பிட வேண்டுமே ஒழிய, வேரோடு அல்ல. பயன்படுத்திய மனித முடிச் சவுரியை மென்மையான ஷாம்புவில் அலசி, நிழலில் தொங்கவிட்டு, முற்றிலும் உலர்ந்த பிறகே பையில் போட வேண்டும். கடற்காற்றில் அரைகுறையாகக் காய்ந்ததை மூடி வைத்தால் பூசண வாடை வந்துவிடும். ஈரும் பேனும் கூடவே வரக்கூடும் என்பதால், உறவினர் வீட்டுச் சவுரியை இரவல் வாங்குவதைவிட மலிவான நைலான் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம்.