கானிங் சகோதரர்கள்: ஆலியா, ஜோவா?

அயர்லாந்தின் கால்வே கவுண்டியில், போர்டம்னா ஊரின் ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு ஹர்லிங் வீரர்கள். ஹர்லிங் என்பது மட்டையால் பந்தை அடித்து ஆடும் அயர்லாந்து ஆட்டம். இருவரில் யாரைத் தேர்ந்தெடுப்பது? அண்ணன் ஆலி கானிங் மூலையில் நின்று எதிரணி முன்கள வீரரை மறித்தவர். தம்பி ஜோ புள்ளி குவித்தவர். மறிப்பவருக்குக் கணக்கில் எதுவும் சேராது. ஆலி குறைவாகப் பேசப்படுவதற்கு அதுவே காரணம் என்பேன்.

ஜோவின் பெயரைச் சொல்லும் ஆட்டம் 2008-இல் கார்க் கவுண்டி அணிக்கு எதிரானது. ஹர்லிங்கில் ஒரு கோல் மூன்று புள்ளிகளுக்குச் சமம். கால்வே அடித்த 2 கோல், 15 புள்ளிகளில் 2 கோலும் 12 புள்ளிகளும் இவருடையவை. அப்போது வயது 19. அப்படியும் கால்வே தோற்றது! ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2017 அரையிறுதியில் டிப்பரரி கவுண்டிக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில் நடுவர் சேர்த்த நிமிடங்களில், ஓரக்கோட்டருகிலிருந்து அவர் அடித்த பந்து ஒரு புள்ளி வெற்றியைத் தந்தது. அந்த ஆண்டே கவுண்டி அணிகளுக்கான அகில அயர்லாந்துக் கோப்பை; 1988-க்குப் பிறகு கால்வேக்கு முதல்முறை.

ஆலிக்குக் கால்வே அணியில் அந்தக் கோப்பை கிடைக்கவில்லை. 2001, 2005 இறுதிப் போட்டிகள் இரண்டிலும் தோல்வி. போர்டம்னா கிளப்புக்காக மட்டும் இருவரும் சேர்ந்தே கிளப் அணிகளுக்கான அகில அயர்லாந்துக் கோப்பைகளை வென்றார்கள். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி வேண்டுமென்றால் ஜோ. முன்னிலையைக் காக்க வேண்டுமென்றால், தயங்காமல் ஆலி.