ஒரு கல்லூரிப் பாடத்துக்கு இரண்டு ஆசிரியர்: பிரித்து எடுப்பதா, சேர்ந்து எடுப்பதா?

இளநிலையில் எல்லோரும் படிக்கும் சுற்றுச்சூழல் கல்வி எந்தத் துறையின் பேப்பர் என்பது கல்லூரிகளில் தீராத பஞ்சாயத்து. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் வந்த பாடம் அது. வேதியியலும் உண்டு, சட்டமும் உண்டு, பொருளியலும் உண்டு. வேதியியல் துறையில் இருக்கும் நான் இதை மூன்று விதமாகவும் எடுத்துவிட்டேன்: தனியாக, யூனிட் பிரித்து, கடைசி இரண்டு ஆண்டுகள் பொருளியல் மேடத்துடன் ஒரே வகுப்பில் சேர்ந்து நின்று. மூன்றாவதுதான் சரி என்பது என் முடிவு.

தனியாக எடுத்தால் போர்ஷன் நேரத்துக்கு முடியும், குழப்பம் கிடையாது. ஆனால் எனக்குத் தெரிந்த பகுதி மட்டும் பாடமாகும். மற்றதைப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பேன்.

யூனிட் பிரிப்பதுதான் எங்கும் நடப்பது. முதல் இரண்டு எனக்கு, மீதி மூன்று அவருக்கு. ஒர்க்லோடு கணக்கு சுத்தமாக இருக்கும், கேள்வித்தாள் எடுப்பதும் சுலபம். இதையே 'டீம் டீச்சிங்' என்று அறிக்கையில் எழுதுகிறோம். உண்மையில் என் வகுப்பில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது, அவர் வகுப்பைப் பற்றி எனக்கும் தெரியாது.

சேர்ந்து எடுத்தால் என்ன மாறும் என்று, திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவால் கெட்ட நொய்யல் ஆறு பற்றிய பாடத்தில் பார்த்தேன். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு நிறைய வேண்டும். வழக்கமான சுத்திகரிப்பில் நிறம் போகும், கரைந்த உப்பு போகாது. அதை எடுக்க எதிர்சவ்வூடு பரவலும் (ஆர்.ஓ.) ஆவியாக்கிகளும் தேவை. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமானது இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள். "2011-ல கோர்ட் பட்டறைகளை மூடச் சொன்னப்போ எங்கப்பாவுக்கு வேலை போச்சு சார். உப்பை எடுக்க வழி இருக்குன்னா, முதல்லயே ஏன் செய்யலை?"

என் பாடத்தில் அதற்குப் பாதி பதில்தான் இருந்தது. மேடம் கரும்பலகைக்கு வந்து, ஒரு பனியனின் விலையில் எந்தெந்தச் செலவு சேர்ந்தது, எந்தச் செலவை ஆற்றோர விவசாயி சுமந்தார் என்று எழுதினார். ஆவியாக்கிக்கு எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று இடையில் என்னைக் கேட்டார். சிறு பட்டறைக்கு அது கட்டுப்படியாகாது என்று நான் சொன்னதை, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செலவைப் பகிரலாம் என்று மறுத்தார். யூனிட் பிரித்திருந்தால் அந்தப் பெண்ணிடம் "அதை மேடம் எடுப்பாங்கம்மா" என்று சொல்லி உட்காரவைத்திருப்பேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. நான் அழுத்திச் சொல்ல நினைப்பது அதைத்தான்: சேர்ந்து தயாரிக்கும் நேரம். வாரம் இரண்டு வகுப்புக்கு எங்களுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது. எதை யார் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் மற்றவர் குறுக்கிடலாம் என்று. முதல் ஆண்டு இன்டர்னல் தேர்வு, ஆய்வுக்குழு வருகை என்று மூன்று வாரம் உட்கார முடியவில்லை. அந்த மூன்று வாரமும் நான் இருபத்தைந்து நிமிடம் பேசினேன், அவர் இருபத்தைந்து நிமிடம் பேசினார். ஒருவர் பேசும்போது மற்றவர் சுவரோரம் நின்றோம். அது யூனிட் பிரிப்பதைவிட மோசம். இரண்டு பேரின் நேரமும் வீண்.

அந்த ஒரு மணி எந்தக் கணக்கிலும் வராது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரடி வகுப்பு என்கின்றன. தயாரிப்பு அதில் இல்லை. எங்களுக்கோ வகுப்பு நேரத்தையே ஆளுக்குப் பாதியாகத்தான் எழுதினார்கள். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் டே ஆர்டர் (கிழமைக்குப் பதில் எண் வரிசையில் சுழலும் வகுப்பு நாள்) கடைசி மணி இருவருக்கும் காலியாக இருக்கும்படி டைம்டேபிள் போடும்போதே கேட்டு வாங்கினோம். பிறகுதான் வகுப்பு ஓடியது.

இன்டர்னல் விடைத்தாளை இருவரும் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டது தொல்லைதான், ஆனால் மதிப்பெண் பற்றிய முறையீடு குறைந்தது.

என் அனுபவம் அறுபது பேர் வகுப்பு ஒன்றோடு சரி. நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே சீனியாரிட்டி. துறைத் தலைவரும் புதிதாகச் சேர்ந்தவரும் சேர்ந்தால் இளையவர் மறுத்துப் பேசுவாரா என்பது சந்தேகமே. கணிதம் போன்ற பேப்பருக்கு இது தேவைப்படுமா என்றும் சொல்லத் தெரியவில்லை.

தொடங்க நினைப்பவர்கள் பாடத்திட்டத்தைப் புரட்டும் முன் டைம்டேபிள் பொறுப்பாளரைப் பாருங்கள். பொதுவான காலி மணி கிடைக்காது என்றால் யூனிட் பிரித்தே எடுங்கள்.